கைமாறிய சூடு

பழைய கிராபிக்ஸ் கார்டு வாங்க வருகிறவர் விலைக்கு அடுத்தபடியாகக் கேட்பது ஒன்றுதான்: எவ்வளவு சூடாகும்? விற்பவர் ஓர் எண்ணைச் சொல்வார். எழுபது என்றால் பேச்சு தொடரும். எண்பத்தைந்து என்றால் விலையில் ஆயிரம் இரண்டாயிரம் இறங்கும். சூடு குறைந்தால் நல்ல கார்டு, கூடினால் தேய்ந்த கார்டு என்ற இந்தக் கணக்கு பார்வைக்கு நியாயமாகவே தெரிகிறது. ஆனால் அந்த ஒற்றை எண் கார்டின் பழைய வாழ்க்கையைப் பற்றி அநேகமாக எதையும் சொல்வதில்லை. இனி அது எவ்வளவு காலம் உழைக்கும் என்பதைப் பற்றியும் மிகக் கொஞ்சமே சொல்கிறது. உருப்படியான செய்தி வித்தியாசங்களில் இருக்கிறது. அறைக்கும் கார்டுக்கும் உள்ள வித்தியாசம், ஒரே சிப்பின் பொதுவான சூட்டுக்கும் அதன் மிகச் சூடான புள்ளிக்கும் உள்ள வித்தியாசம், ஆறிக் கிடந்த நேரத்துக்கும் கொதித்த நேரத்துக்கும் உள்ள வித்தியாசம். சூட்டைக் குறைப்பது என்று பொதுவாகச் சொல்லும் வேலையை இந்த வித்தியாசங்களைக் குறைப்பது என்று மாற்றி வைத்துக்கொண்டால், எதை முதலில் செய்வது, எதைத் தொடாமலே விடுவது என்பதும் மாறிவிடும்.

பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றை வாங்கினால், மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதை அதுவே பதிந்து வைத்திருக்கும். இலவச மென்பொருளைக் கொண்டு யாரும் பார்த்துவிடலாம். கடையில் விற்கும் கிராபிக்ஸ் கார்டில் வாங்குபவர் பார்க்கும்படியான அப்படியொரு கணக்கு கிடையாது. இந்தக் குறை 2022 செப்டம்பர் 15க்குப் பிறகு உறைத்தது. அன்றைக்கு எத்தீரியம் என்ற மின்னணு நாணயம் தன் அடிப்படை முறையை மாற்றிக்கொள்ள, கார்டுகளை வரிசையாக அடுக்கி அதைத் தோண்டிக்கொண்டிருந்தவர்களின் தொழில் ஒரே நாளில் முடிந்தது. உலகெங்கும் பழைய சந்தைக்கு வந்து குவிந்த கார்டுகளில் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3080 முக்கியமானது. 2020 செப்டம்பரில் வெளியானது; 628 சதுர மில்லிமீட்டர் சிப்பில் 2,830 கோடி டிரான்சிஸ்டர்கள்; முழுவேகத்தில் 320 வாட் இழுக்கும். மைனிங் என்ற அந்தத் தோண்டலுக்கு வேண்டியது மெமரியின் வேகம். ஆகவே முதன்மைச் சிப்பான கோருக்குப் போகும் மின்சாரத்தைக் குறைத்து, மெமரியை விரட்டி ஓட்டினார்கள். விளைவாக, கோர் அறுபதுக்குக் கீழே குளுகுளுவென்று காட்டிக்கொண்டிருக்க, பக்கத்திலேயே இருந்த மைக்ரானின் ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி நூறைத் தாண்டி, 110ஐத் தொட்டதும் தன்னைத்தானே வேகம் குறைத்துக்கொண்டது. இந்த மெமரி வெப்பநிலையை ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருள் காட்டத் தொடங்கியது 2021இன் தொடக்கத்தில்தான். அதுவரை சில மாதங்கள், லட்சக்கணக்கில் செலவழித்தவர்கள்கூட தங்கள் கார்டு மிகச் சூடான இடத்தில் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பது தெரியாமலே ஓட்டினார்கள். எழுபது டிகிரி என்று விற்பவர் சொல்வதில் பொய் இல்லாமல் இருக்கலாம். கேட்ட இடம்தான் தப்பு.

அறையிலிருந்து தொடங்குவோம், அதுதான் எளிது. ஹீட்சிங்க்கும் ஃபேனும் குளிரை உண்டாக்குவதில்லை. சிப்பின் சூட்டைச் சுற்றியுள்ள காற்றுக்குக் கடத்துகின்றன, அவ்வளவுதான். ஒரே சுமையில், ஒரே ஃபேன் வேகத்தில் ஓடும் கார்டு அறையைவிட ஏறக்குறைய ஒரே அளவுதான் சூடாக இருக்கும். 22 டிகிரி அறையில் 72 காட்டும் கார்டு, சித்திரை வெயிலில் 36 டிகிரியில் கிடக்கும் சென்னை அறையில் 86 காட்டும். இரண்டிலும் வித்தியாசம் 50தான். கார்டில் ஒரு கோளாறும் இல்லை. உண்மையில் ஒன்றிரண்டு டிகிரி முன்பின் ஆகும், ஏனென்றால் சூடான சிப் கொஞ்சம் கூடுதலாகவே மின்சாரத்தைக் கசியவிடும், ஃபேனும் தானாக வேகம் பிடிக்கும். இந்தக் கழித்தலைச் செய்யாததால் இரண்டு பக்கமும் நஷ்டம். குளிர்நாட்டு விமர்சகரின் 72ஐப் படித்துவிட்டுத் தன் 86ஐக் கண்டு பதறுகிறவர், நன்றாக இருக்கும் கார்டைத் திருகு கழற்றித் திறந்து வேண்டாத ஆபத்தை வரவழைத்துக்கொள்கிறார். ஏசி அறையில் எடுத்த வீடியோவில் 68ஐப் பார்த்து வாங்குகிறவர், வீட்டுக்குக் கொண்டுவந்ததும் ஏமாந்துவிட்டதாக நினைக்கிறார். வெப்பநிலையைக் கேட்கும்போது அறையில் எத்தனை டிகிரி, ஃபேன் எத்தனை சதவீதம் என்பவற்றையும் சேர்த்துக் கேட்காவிட்டால் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

சிப்புக்குள்ளே உள்ள வித்தியாசம் இன்னும் பயனுள்ளது. பல உணரிகளில் அதிகபட்சம் காட்டுவதை ஹாட்ஸ்பாட் என்ற பெயரில் மென்பொருள் தருகிறது. என்விடியா 30 வரிசையில் கோருக்கும் ஹாட்ஸ்பாட்டுக்கும் பத்து பதினைந்து டிகிரி இடைவெளி வழக்கம். 25ஐத் தாண்டினால் ஹீட்சிங்க் சிப்பின் மேல் ஒரே சீராகப் படியவில்லை என்று பொருள். பெரும்பாலும் குற்றவாளி தெர்மல் பேஸ்ட். ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் சிப் மயிரிழை வளைந்து நிமிர்கிறது. அந்த அசைவு நடுவிலிருக்கும் பேஸ்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்குத் தள்ளுகிறது. இரண்டு மூன்று ஆண்டுகளில் ஓரத்தில் கரையும் நடுவில் வறட்சியுமாக ஆகிவிடும். கோர் எண் அப்போதும் 74, 75 என்று நல்ல பிள்ளையாகவே இருக்கலாம். ஹாட்ஸ்பாட் 103 காட்டும். இந்த இடைவெளி பழைய கார்டுகளை மட்டும் காட்டிக்கொடுப்பதில்லை. 2022 டிசம்பரில் வெளிவந்த ஏஎம்டியின் 7900 எக்ஸ்டிஎக்ஸ் கார்டுகள் சிலவற்றில் புத்தம் புதிதாக இருக்கும்போதே ஹாட்ஸ்பாட் 110ஐத் தொட, கோர் வெகு கீழே நின்றது. ஒரு தொகுதி கார்டுகளின் சூட்டைக் கடத்தும் வேப்பர் சேம்பருக்குள் போதிய நீர் இல்லை என்று நிறுவனமே அடுத்த மாதம் ஒப்புக்கொண்டது. கோர் எண்ணை மட்டும் பார்த்தவர்களுக்கு அந்தக் கார்டுகளில் ஒரு குறையும் தெரிந்திருக்காது.

காலத்தால் வரும் வித்தியாசத்துக்கு இப்போது வரலாம். என் வாதத்தின் கனம் இங்கேதான். சிலிக்கான் ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் மூன்று பங்கு விரிகிறது. அது உட்கார்ந்திருக்கும் போர்டு ஏறத்தாழ பதினைந்து பங்கு விரிகிறது. இரண்டுக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்ட சாலிடர் புள்ளிகள் ஒவ்வொரு முறையும் இழுபட்டுத் திரும்புகின்றன. கட்டுக்கம்பியை இப்படியும் அப்படியும் மடித்தால் கடைசியில் ஒடிவதைப் போன்ற களைப்புதான் இது. 1950களில் காஃபின், மேன்சன் இருவரும் தனித்தனியே கண்ட தொடர்பு இதற்கு ஒரு கணக்கு தருகிறது: சாலிடர் தாங்கும் சுற்றுகளின் எண்ணிக்கை, சூட்டின் ஏற்ற இறக்கத்தின் ஏறத்தாழ இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும். ஏற்ற இறக்கத்தைப் பாதியாக்கினால் ஆயுள் சுமார் நான்கு மடங்கு. இது ஏட்டுக் கணக்கு அல்ல. எக்ஸ்பாக்ஸ் 360 கருவிகள் சிவப்பு வளையம் காட்டிச் செத்து விழுந்தபோது, 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் நூறு கோடி டாலருக்கு மேல் ஒதுக்கி, உத்தரவாதத்தை மூன்று ஆண்டுகளாக்கியது. போட்டு அணைத்துப் போட்டு அணைத்து உண்டான வெப்ப அழுத்தத்தில் உள்ளிணைப்புகள் விரிசல் விட்டதே காரணம் என்று அதில் பணியாற்றியவர்களே பின்னாளில் சொன்னார்கள். 2008 ஜூலையில் என்விடியா தன் மடிக்கணினி சிப்கள் சிலவற்றின் பொருள் சேர்க்கை பலவீனமானது என்று கூறி 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்க நேர்ந்தது. மடிக்கணினி என்பது நாளைக்குப் பத்து முறை திறந்து மூடப்படும் பொருள் என்பதை நினைவில் வைத்தால், அடி ஏன் அங்கே முதலில் விழுந்தது என்பது விளங்கும்.

இந்தக் கணக்கைப் பழைய சந்தைக்குக் கொண்டுவந்தால், ஊர் முழுக்கச் சொல்லும் ஒரு பயம் பாதி தலைகீழாகிறது. மைனிங்கில் ஓடிய கார்டு என்றாலே சக்கை என்று ஒதுக்குகிறார்கள். அதன் கோர் மாதக்கணக்கில் 55, 60 என்று ஒரே இடத்தில் நின்றது. சாலிடருக்கு அது ஒருவகையில் ஓய்வு. வீட்டில் விளையாடியவரின் கார்டு அறையின் 30 டிகிரியிலிருந்து 80 வரை போய்த் திரும்பியது. நாளைக்கு இரண்டு முறை என்று வைத்தாலும் மூன்று ஆண்டில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பயணங்கள். "விளையாட்டுக்கு மட்டும்தான் பயன்படுத்தினேன்" என்று நற்சான்றிதழாகச் சொல்லப்படும் வாக்கியம், கோரின் சாலிடரைப் பொறுத்தவரை சான்றிதழே அல்ல. சும்மா இருக்கும்போது 32 டிகிரி காட்டுகிறது என்று ஃபேன்களை எந்நேரமும் விரட்டிப் பெருமைப்படுகிறவர்களுக்கும் இதில் ஒரு சேதி உண்டு. உச்சம் மாறாதபோது அடியை மட்டும் தாழ்த்தினால் ஏற்ற இறக்கம் கூடத்தான் செய்யும். ஓய்வில் ஃபேன்களை நிறுத்தி 48, 50 டிகிரியில் விட்டுவைக்கும் கம்பெனி ஏற்பாட்டைக் கஞ்சத்தனம் என்று திட்டுவது வழக்கம். திட்டத் தேவையில்லை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. நிலையாக நிற்கும் சூடும் கெடுக்கும் என்பது வேதியியலின் பாலபாடம். சூடு ஏற ஏற வினைகள் விரைவுபடும். பத்து டிகிரிக்கு ஆயுள் பாதி என்ற பழைய வாய்பாடு அதிலிருந்து வந்தது. மெல்லிய உலோகத் தடங்களில் மின்னோட்டமே அணுக்களை நகர்த்திவிடுவதை ஜேம்ஸ் பிளாக் 1969இல் சமன்பாடாக எழுதினார். அதிலும் வெப்பநிலை அடுக்குக்குறியில் உட்கார்ந்திருக்கிறது. இதை மறுக்க எனக்கு வழியும் இல்லை, ஆசையும் இல்லை. ஆனால் பத்து டிகிரி வாய்பாடு எல்லாப் பாகத்துக்கும் ஒன்றுபோலப் பொருந்துவதல்ல. அது நன்றாகப் பொருந்தும் திரவ மின்தேக்கிகள் இன்றைய நல்ல கார்டுகளில் அரிது. நிலையான சூடு எங்கே கெடுக்கிறது என்று பாகம் பாகமாகக் கேட்பதே சரி. மெமரியில் கெடுக்கும். மெமரிக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே உள்ள தெர்மல் பேடைக் காயவைக்கும். இடைவிடாமல் சுழன்ற ஃபேனின் பேரிங்கைத் தேய்க்கும். ஆர்டிஎக்ஸ் 3090 இதற்குச் சரியான சாட்சி. அதன் 24 மெமரி சிப்களில் பன்னிரண்டு போர்டின் பின்புறம் இருக்கின்றன; அங்கே ஃபேனும் இல்லை, ஹீட்சிங்கும் இல்லை, முதுகுத் தகட்டை நம்பித்தான் வாழ்க்கை. 2022 மார்ச்சில் வந்த 3090 டிஐயில் இருமடங்கு கொள்ளளவுள்ள சிப்களைப் போட்டு எல்லாவற்றையும் முன்பக்கத்துக்கே கொண்டுவந்துவிட்டார்கள். மைனிங்கில் கிடந்த 3090க்கு வித்தியாசக் கணக்கெல்லாம் பிறகு. மெமரி எண்ணை நேரில் பார்க்காமல் அதற்குப் பணம் கொடுப்பது புத்திசாலித்தனம் ஆகாது.

110 வரை ஆபத்தில்லை என்று தயாரித்தவர்களே சொல்லும்போது நமக்கு ஏன் இந்தக் கவலை என்பது அடுத்த கேள்வி. அது எதற்கான எல்லை என்று பார்க்க வேண்டும். சிப் உடனே சேதமாகாமல் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும் இடம் அது. நிறுவனம் கணக்குப் பார்ப்பது உத்தரவாதக் காலத்துக்கு, பெரும்பாலும் மூன்று ஆண்டுகளுக்கு. அந்த எல்லைக்குள் வாழ்ந்து முடிப்பவர் முதல் உரிமையாளர். இரண்டாம் உரிமையாளர் அந்த மூன்று ஆண்டு முடியும் இடத்தில்தான் கார்டை எடுத்துத் தன் கேபினட்டில் மாட்டுகிறார். முதலாமவருக்காக எழுதிய எண்ணைத் தனக்கும் உரியதாக அவர் எடுத்துக்கொள்வதில் நியாயமில்லை. பத்துப் பதினைந்து டிகிரி கீழே தனக்கென்று ஒரு கோட்டைப் போட்டுக்கொள்வது அவர் பொறுப்பு.

திறந்து பார்ப்பதற்கு வருவோம். பின்பக்கம் சிப்பைச் சுற்றி ஸ்பிரிங் வைத்த நான்கு திருகுகள். அவற்றைக் குறுக்குமறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். ஒரு பக்கத்தை முழுக்கக் கழற்றிவிட்டால் அடுத்த மூலையின் அழுத்தம் சிப்பின் விளிம்பை உடைக்கலாம். ஹீட்சிங்கைச் சட்டென்று தூக்கினால் ஃபேன் ஒயர் சாக்கெட்டோடு வந்துவிடும். உள்ளே பேஸ்ட் காய்ந்த சாந்துபோல் இருப்பதைப் பார்த்துவிட்டு எல்லோரும் திருப்தியடைந்து நிறுத்திக்கொள்கிறார்கள். பார்க்க வேண்டியது பேடுகளை. நன்றாக அழுந்தியிருந்த பேடில் மெமரி சிப்பின் சதுரம் பள்ளமாகப் பதிந்திருக்கும், சில சமயம் அதன்மேல் அச்சடித்த எழுத்தின் தடம்கூட. பதிவே இல்லாத பேட் இத்தனை காலமும் சும்மா படுத்திருந்தது என்று பொருள். சுற்றிலும் எண்ணெய் கசிந்த மாதிரி மினுமினுப்பு தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது பேடிலிருந்து வடிந்த சிலிக்கோன் எண்ணெய். மின்சாரம் கடத்தாது, ஆனால் பேட் இறுகிவிட்டது என்ற செய்தி. மாற்றும்போதுதான் பலர் கெடுத்துவிடுகிறார்கள். பழையது ஒன்றரை மில்லிமீட்டர் என்றால் இரண்டு மில்லிமீட்டர் இன்னும் நன்றாகக் கடத்தும் என்று நினைத்து ஒட்டுகிறார்கள். தடித்த பேட் ஹீட்சிங்கைத் தூக்கிப் பிடித்துக்கொள்ள, சிப்பின்மேல் அது சரியாக உட்காராமல் போகிறது. மெமரி இருபது டிகிரி இறங்கியதைக் கொண்டாடும்போதே ஹாட்ஸ்பாட் இடைவெளி முப்பதைத் தாண்டியிருக்கும். வேலை சரியாக முடிந்ததா என்பதற்கு அந்த இடைவெளியைவிட நல்ல சாட்சி கிடையாது. பேஸ்ட் ஓரத்துக்கு ஓடும் தொல்லை வேண்டாம் என்கிறவர்கள் ஹனிவெல்லின் பிடிஎம்7950 போன்ற தகட்டை வைக்கிறார்கள். 45 டிகிரி வாக்கில் இளகிப் படியும் இது, பேஸ்ட்டைப் போல எளிதில் வெளியே தள்ளப்படுவதில்லை. விலை கூடுதல்தான்.

இவ்வளவு செய்தும் சூடு குறையவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பேஸ்ட்டும் பேடும் ஃபேனும் சூட்டை இடம் மாற்றுகின்றன. 320 வாட் சிப்பிலிருந்து கிளம்பி அறைக்குள் வந்து சேர்கிறது. நான்கு சீலிங் ஃபேன்கள் இழுக்கும் மின்சாரத்தைவிட அதிகமான அளவு, சாத்திய அறையில் மணிக்கணக்கில் சூடாக இறங்கிக்கொண்டிருக்கிறது. அறை இரண்டு டிகிரி ஏறினால் கார்டும் இரண்டு டிகிரி ஏறும். சூடு பிறக்காமலே தடுக்கும் நல்ல வழி மின்னழுத்தத்தைக் குறைப்பது. சிப் செலவழிக்கும் இயங்கு மின்சக்தி மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதம். 1.05 வோல்ட்டில் ஓடுவதை அதே வேகத்தில் 0.9 வோல்ட்டில் ஓட்ட முடிந்தால் அந்தச் செலவில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் மிச்சம். உச்சம் தாழ்வதால் ஏற்ற இறக்கமும் சுருங்குகிறது, ஃபேனும் மெல்லச் சுழல்கிறது. காசு கொடுத்து வாங்கிய வேகத்தை நாமே ஏன் வெட்டிக்கொள்ள வேண்டும் என்று இதற்கும் ஆட்சேபம் உண்டு. ஆனால் தொழிற்சாலை வைத்திருக்கும் மின்னழுத்தம், அந்த வரிசையில் தேறிய சிப்களிலேயே மிகப் பலவீனமானதும் தடுமாறாமல் ஓடுவதற்காக வைத்தது. சராசரி சிப்புக்கு அதில் உபரி உண்டு. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் மின்னழுத்த வளைகோட்டைப் படிப்படியாக இறக்கி, விளையாட்டு நின்றுபோகும் இடத்திலிருந்து இரண்டு படி மேலே வந்து நிறுத்திக்கொண்டால், இழப்பு சில சதவீதம் இருக்கலாம். சூட்டால் கார்டு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்வது நின்றுவிடுவதால் சிலருக்கு அதுவும் இராது. திருகாணியைத் தொடுவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. பிடிக்கவில்லை என்றால் ஒரு சொடுக்கில் பழையபடி ஆக்கிவிடலாம். கிழித்த பேடை அப்படித் திரும்ப ஒட்ட முடியாது.

இத்தனை பாடு எதற்கு, புதிதாக வாங்கினால் என்ன என்று கேட்பவர்களிடம் வாதாட முடியாது, பணம் அவர்களுடையது. ஆனால் புதிய கார்டும் ஒருநாள் கைமாறப்போவதுதான். 2025 ஜனவரியில் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 50 வரிசை வெளிவந்தபோது, ஹாட்ஸ்பாட் எண் கண்காணிப்பு மென்பொருள்களிலிருந்து காணாமல் போயிருந்தது. முதல் உரிமையாளர்களில் பலர் கவனித்திருக்கவே மாட்டார்கள். உத்தரவாதம் இருக்கும்வரை அவர்களுக்கு அது வேண்டியதும் இல்லை. மூன்று நான்கு ஆண்டு கழித்து அதை வாங்குகிறவருக்குத்தான் பேஸ்ட்டின் நிலையைத் திறக்காமலே அறியும் ஒரே வழி அடைபட்டிருக்கும். அவருக்கு மிஞ்சுவது கோர் எண், மெமரி எண், அறையின் வெப்பமானி. இன்றைக்கு 3080 தேடுகிறவர் அந்த வகையில் வசதியானவர். ஒரே விலையில் இரண்டு கார்டுகள் முன்னால் இருந்து, ஒன்று விளையாட்டுக்கு மட்டுமே ஓடி ஒருமுறைகூடத் திறக்கப்படாமல், 30 டிகிரி அறையில் கோர் 72, ஹாட்ஸ்பாட் 99 காட்டுகிறது; மற்றது மைனிங்கில் கிடந்து பேடும் பேஸ்ட்டும் மாற்றப்பட்டு, அதே அறையில் கோர் 78, ஹாட்ஸ்பாட் 90, அரை மணி நேரச் சுமைக்குப் பின்னும் மெமரி 92க்கு மேல் போகவில்லை என்றால், நான் இரண்டாவதைச் சொல்வேன், ஃபேன்களில் கரகரப்பு இருந்தால் அதற்கு மட்டும் கொஞ்சம் விலை குறைத்துக் கேட்டு.